பழைய பள்ளிக்கூடத்தை என்ன செய்யலாம்? சில யோசனைகளும் ஒரு பிளாட்டூன் கணக்கும்

போன மாதம் பின்பக்கச் செம்புக் குழாய் போனது. அதற்கு முந்தின மாதம் இரண்டு ஜன்னல் சட்டங்கள். அதற்கும் முன்னால் மின்கம்பி. ஆளில்லாத கட்டடம் இங்கே இடிந்து விழுவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நடந்து வெளியே போகிறது. இரும்பில் மிச்சம் இருப்பது மாமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டு ஒன்றுதான். அந்தக் காலத்துப் பள்ளி மணி. அதைக் கட்டிய சங்கிலியை மரம் விழுங்கிவிட்டதால் திருடனால் கழற்ற முடியவில்லை.

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, வெருலத்துக்கும் டோங்காட்டுக்கும் நடுவில், கரும்புக்காட்டை ஒட்டி நிற்கும் எங்கள் தமிழ்ச் சபையின் பழைய பள்ளிக்கூடத்தைச் சொல்கிறேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாகக் கூட்டத்தில் இதே பேச்சு. ஆளுக்கு ஒரு யோசனை, ஆளுக்கு ஒரு கோபம். கடைசியில், "நீங்கள் கட்டட வேலை தெரிந்தவர், எல்லாவற்றையும் தாளில் போட்டு ஒப்பிட்டுக் காட்டுங்கள்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவன். சபையில் முக்கால்வாசிப் பேர் ஆங்கிலப் பிரதியைத்தான் படிப்பார்கள். ஆனால் சனிக்கிழமை வகுப்பு நடத்தும் அக்கா, "தமிழில் ஒரு பிரதி இல்லாமல் தமிழ்ச் சபை என்ன சபை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் இது.

முதலில் கட்டடம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் விடையின் பாதி இருக்கிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை, இந்தப் பகுதியான நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர். கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்றிருந்த அரசுக்கு அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அவசரம் இல்லை. ஆகவே ஊர் ஊராக மக்களே காசு சேர்த்துப் பள்ளி கட்டினார்கள். நாம் ஒரு பவுண்டு போட்டால் மாகாண நிர்வாகம் ஒரு பவுண்டு போடும், ஆசிரியர் சம்பளத்துக்கு உதவி தரும். அதற்குப் பெயர் எய்டட் ஸ்கூல். பள்ளிக்குப் பொறுப்பானவர் 'கிராண்ட்டீ'. எங்கள் பள்ளியும் அப்படி முப்பதுகளில் எழுந்ததுதான். கல்வெட்டில் பெயர் இல்லாதவர்கள் செங்கல் சுமந்தார்கள் என்பதை ஊரில் வயதானவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

எவ்வளவு கட்டியும் இடம் போதவில்லை. ஐம்பது அறுபதுகளில் இங்கே படித்த யாரைக் கேட்டாலும் பிளாட்டூன் பற்றிச் சொல்வார்கள். காலையில் ஒரு கூட்டம் பிள்ளைகள், மதியம் வேறொரு கூட்டம், அதே பெஞ்சு, அதே கரும்பலகை. போன வாரம் எண்பதைத் தாண்டிய ஓர் ஆயாவைப் பார்க்கப் போயிருந்தேன்.

"எனக்கு மதியானப் பள்ளிக்கூடம் தம்பி. காலைப் பிள்ளைங்க எழுந்து போன சூடு பெஞ்சிலேயே இருக்கும்."

"கஷ்டமாக இருந்ததா ஆயா?"

"கஷ்டம் என்ன? காலையில் வீட்டு வேலை முடிஞ்சிடும். கட்டடம்தான் பாவம், அதுக்கு ஓய்வே கிடையாது."

இந்த வார்த்தையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி இதற்கு வருவேன்.

இனி கட்டடத்தின் உடம்பு. ஒரே வரிசையில் ஆறு வகுப்பறைகள், ஓரத்தில் தலைமையாசிரியர் அறை. ஒவ்வொரு வகுப்பும் ஏறக்குறைய 24 அடிக்கு 20 அடி. முன்னால் நீள வராந்தா, வடக்குப் பார்த்தது. தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் இங்கே வெயில் வடக்கிலிருந்து அடிக்கும். அதனால்தான் வராந்தா அந்தப் பக்கம். வகுப்பின் இரண்டு பக்கமும் உயரமான ஜன்னல்கள் எதிரெதிரே இருப்பதால் பிப்ரவரிப் புழுக்கத்திலும் காற்று குறுக்கே ஓடும். செங்கல் சுவர், தகரக் கூரை, தரைக்கு ஆரிகன் பைன் பலகை. பலகைக்குக் கீழே காற்று போக அடிச்சுவரில் சின்னச் சின்ன ஓட்டைச் செங்கற்கள் உண்டு. அவற்றில் பாதியைப் பிற்காலத்தில் யாரோ சிமெண்ட் பூசி அடைத்துவிட்டார்கள். மேற்கு அறையில் தரை மெத்துமெத்தென்று இருப்பதற்குக் காரணம் அதுதான், பேய் அல்ல. பின்னாளில் சேர்த்த சில கூரைத் தகடுகளும் மழைநீர்த் தாழ்வாரங்களும் ஆஸ்பெஸ்டாஸ். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்ற ஒப்பந்ததாரர்தான் அதைத் தொட வேண்டும், நம் பையன்கள் ஏணி போட்டு ஏறி உடைக்கும் வேலை இல்லை.

என் எல்லாக் கணக்கும் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது. இந்த ஆறு அறைகளையும் வராந்தாவையும் அப்படியே வைத்துக்கொண்டு எந்த வேலை நடக்கும், எந்த வேலைக்கு இவற்றை உடைக்க வேண்டிவரும்?

அதற்கு முன் காகிதம். எந்த யோசனையாக இருந்தாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். நிலம் பழைய அறங்காவலர்கள் பெயரில் இருக்கிறது. அவர்களில் ஒருவரும் இன்று உயிரோடு இல்லை. புது அறங்காவலர்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகம் அதிகாரக் கடிதம் தந்தால்தான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துச் செல்லும். 1988ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சொத்துச் சட்டம் அப்படி. கூடவே பீட்டர்மரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் மூலப்பத்திரத்தை எடுத்து, 'பள்ளிக்காக மட்டும்' என்பது போல் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று வரி வரியாகப் படிக்க வேண்டும். மானியம் தந்த காலத்து அரசு அப்படி எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. இந்த இரண்டும் முடியாமல் கலர் கலராக வரைபடம் போட்டு ஆளுக்கு ஒரு நகல் கொடுப்பதில் பயன் இல்லை.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று சொன்னவர்களுக்குச் சட்டமே பதில் சொல்கிறது. அறுபது வயதைத் தாண்டிய கட்டடத்தை இடிக்கவோ மாற்றவோ மாகாண மரபுரிமை அமைப்பின் அனுமதி வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டு தேசிய மரபுரிமை வளச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. குவாசூலு-நேட்டாலில் அந்த அமைப்பு அமாஃபா. அனுமதி கிடைக்கவே கிடைக்காது என்று சொல்லவில்லை. நல்ல சுவரை இடிக்க நல்ல காரணம் கேட்பார்கள், நம்மிடம் அது இல்லை. அவ்வளவுதான்.

மறுபடி பள்ளியாகவே ஆக்கினால் என்ன என்று இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கும் அதுதான் முதல் ஆசை. டர்பனில் சாஸ்திரி கல்லூரியைப் பாருங்கள். இந்திய, தென்னாப்பிரிக்க அரசுகள் 1927இல் செய்துகொண்ட கேப் டவுன் ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக, அதாவது பிரதிநிதியாக, வந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியின் முயற்சியில் எழுந்து 1929இல் திறந்தது, இன்றும் பள்ளியாகவே ஓடுகிறது. பள்ளிக் கட்டடத்துக்குப் பள்ளியைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஆனால் தனியார் நிலத்தில் அரசுப் பள்ளி நடக்க வேண்டுமென்றால் 1996ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி மாகாணக் கல்வி அமைச்சரும் நில உரிமையாளரும் ஒப்பந்தம் போட வேண்டும். பிள்ளைகள் போதவில்லை என்று மூடிய இடத்தில் மறுபடி அதற்குக் கை நீட்டுவார்களா? யார் எங்கே குடியிருக்கலாம் என்று இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்த பிறகு குடும்பங்கள் சாட்ஸ்வொர்த்துக்கும், 1976க்குப் பின் ஃபீனிக்ஸுக்கும் நகர்ந்தன. ஆலைக் குடியிருப்புகள் காலியாயின. பிள்ளைகள் இருக்கும் இடத்தில் புதுப் பள்ளிகள் இருக்கின்றன. இந்த ஆசையை மடித்து வைத்துவிடலாம்.

சரி, இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். அதிகக் கைதட்டல் வாங்கியது கல்யாண மண்டபம். இங்கே எல்லோரும் 'ஹால்' என்பார்கள். வாதம் எளிது: நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு வெளியே ஹாலுக்குக் கொட்டிக் கொடுக்கிறோம், அந்தப் பணம் சபைக்கே வரட்டுமே. காசு விஷயத்தில் இந்த வாதத்தில் பொய் இல்லை. ஒரே நாளில் ஒரே ஆளிடமிருந்து பெரிய தொகை வேறு எந்த யோசனையிலும் வராது.

ஆனால் ஆறு அறையை ஒரு ஹாலாக்க ஐந்து குறுக்குச் சுவர்களை எடுக்க வேண்டும். "அவை கூரையைத் தாங்கவில்லையே, உத்தரம் முன்சுவரிலும் பின்சுவரிலும்தானே உட்கார்ந்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னார். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். இருந்தாலும் அந்தக் குறுக்குச் சுவர்கள்தான் நூற்று நாற்பத்து நான்கு அடி நீளத்துக்கு ஓடும் இரண்டு சுவர்களையும் கைகோத்துப் பிடித்து நிற்கின்றன. எடுத்தால் இரும்புச் சட்டம் போட்டாக வேண்டும். அப்படிப் போட்டும் கிடைப்பது இருபது அடி அகலத்தில் ரயில் பெட்டி மாதிரி ஒரு நீளம். மணவறையை ஒரு முனையில் வைத்தால் மறுமுனையில் இருப்பவர் தொலைக்காட்சியில்தான் தாலி கட்டுவதைப் பார்ப்பார். அப்புறம் கட்டட விதிகளில் பள்ளி ஒரு வகை, பெருங்கூட்டம் கூடும் இடம் வேறு வகை. வகை மாறினால் புதிய வரைபடம், தீத்தடுப்பு, அவசர வாசல், மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி எல்லாம் இன்றைய எஸ்ஏஎன்எஸ் 10400 தரத்துக்கு வர வேண்டும். கார் நிறுத்த இடமும் காட்ட வேண்டும். அதற்கு மாமரத்தை வெட்ட வேண்டிவரும். நாங்கள் வாங்கிய மதிப்பீட்டில் ஹாலுக்கு ஆகும் செலவு மற்ற யோசனைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் அதற்கு மேல்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று, அதைக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை. ஆடியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் ஊரே விரதம், இந்த நாட்டில் அதைப் பிடிக்கிற பிடி தமிழ்நாட்டில்கூட நான் பார்த்ததில்லை. மார்கழியும் போயிற்று. மிச்ச மாதங்களிலும் சனி, ஞாயிறு மட்டும்தான். ஆக ஹால் என்பது வாரத்தில் ஐந்து நாள் ஆளில்லாத கட்டடம். ஆளில்லாத கட்டடத்துக்கு என்ன ஆகிறது என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். இந்த முறை அவர்கள் எடுக்க நல்ல சமையலறைச் சாமான்களும் இருக்கும்.

அடுத்தது அருங்காட்சியகம். மனசுக்கு நெருக்கமான யோசனை, ஆகவே பொறுமையாகப் பார்க்க வேண்டும். நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. பீட்டர்மரிட்ஸ்பர்கில் உம்சுண்டுசி அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி, பழைய லாங்மார்க்கெட் பெண்கள் பள்ளிக் கட்டடத்தில்தான் இருக்கிறது. வகுப்பறைகள் காட்சியறைகளாவதில் இயல்பான பொருத்தம் உண்டு: அறைக்கு ஒரு கதை, வராந்தா வழியே அடுத்த கதை. சுவரை உடைக்க வேண்டாம். கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் ஒரு மெதடிஸ்ட் தேவாலயத்தில் 1994இல் தொடங்கியது, இனவெறி ஆட்சியில் அந்தப் பகுதியிலிருந்து துரத்தப்பட்ட மக்கள் தங்கள் பழைய தெருவின் வரைபடத்தின் மேலேயே நடந்து பெயர் எழுதினார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த யாருக்கும் நம் ஊரிலும் ஒன்று வேண்டும் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் ரெட் லொகேஷனையும் மறக்கக்கூடாது. போர்ட் எலிசபெத்தின் நியூ பிரைட்டன் பகுதியில் 2006இல் திறந்த அருங்காட்சியகம், கட்டடக் கலைக்காக உலகப் பரிசு வாங்கியது. சுற்றியிருந்த மக்கள் தங்கள் வீடுகள் சரியில்லை என்று போராடி 2013இல் அதை மூட வைத்தார்கள். பிறகு அங்கேயும் கம்பியும் கதவும் நடந்து போயின. நம் சுற்றுவட்டாரத்திலும் தண்ணீருக்கும் வேலைக்கும் அல்லாடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட்டின் குடிநீர் நிலையம் சேதமாகி மாதக்கணக்கில் குழாயில் சொட்டு வராமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அன்றாடம் எந்த உபயோகமும் இல்லாத கட்டடத்தை அவர் ஏன் காவல் காக்க வேண்டும்?

அப்புறம் மாதாமாதச் செலவு. அருங்காட்சியகத்தைத் திறப்பது எளிது, ஐந்தாம் ஆண்டு ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை திறந்து வைத்திருப்பதுதான் கஷ்டம். டர்பன் டெர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதோடு போட்டி போட வேண்டியதில்லை. நம்மிடம் மட்டும் இருப்பது என்ன? சேர்க்கைப் பதிவேடுகள், சில புகைப்படங்கள், ஒரு உலக உருண்டை. பதிவேடுகள் உண்மையிலேயே பொக்கிஷம். கவுண்டர் கோவெண்டரானதும் முதலியார் மூட்லியானதும் எழுத்தரின் பேனாவில்தான். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருக்கிற பக்கம் ஒன்றை நானே பார்த்தேன். கடலோர ஈரத்தில் அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் பூஞ்சைதான் படிக்கும். நகல் எடுத்துக்கொண்டு, அசலை வெஸ்ட்வில்லில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் போன்ற இடத்தில் ஒப்படைப்பதுதான் பொறுப்பான காரியம். இவ்வளவுக்கும் ஆறு அறைகள் வேண்டாம், ஒரு அறை போதும்.

மாணவர் விடுதி யோசனையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நகரத்துக் கல்லூரிகள் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. வகுப்பறையைப் படுக்கையறைகளாகப் பிரித்தால் குறுக்கே ஓடும் காற்று போயிற்று. மரத்தரையின் மேல் வரிசையாகக் குளியலறைகளை நினைத்தாலே எனக்குக் கறையான் சத்தம் கேட்கிறது. அரசின் மாணவர் நிதி வருகிற தேதியை நம்பித் தண்ணீர், மின்சார பில் கட்ட முடியாது என்று விடுதி நடத்தும் நண்பர் ஒருவர் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு விடுவது? 2010இல் லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையம் திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் கிடங்குக்கு இடம் தேடி அலைகிறார்கள். நமக்கும் ஒருவர் கேட்டு ஆள் அனுப்பினார். உட்கார்ந்த இடத்தில் மாதப் பணம். ஆனால் சரக்கு அடுக்கும் எடையை ஆரிகன் பைன் தாங்காது, எடுத்துவிட்டு கான்கிரீட் போடுவார்கள். பொதுநல அமைப்பு என்பதால் கிடைக்கும் நகராட்சி வரிச் சலுகையும் லாப நோக்கில் வாடகைக்கு விட்டால் கேள்விக்குள்ளாகும். ஒரு சிறிய தேவாலயக் குழுவும் ஞாயிறுகளுக்கு மட்டும் கேட்டது. கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. இந்தப் பெஞ்சுகளில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள், கடைசி ஆண்டுகளில் ஜூலுப் பிள்ளைகள்தான் அதிகம். கோயிலோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனைக்கும் என் பதில் இதுதான். கோயில் கோயிலாக இருக்கட்டும், இது எல்லோரும் படித்த இடம்.

மிச்சம் இரண்டு: சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள்.

பிள்ளைகள் காப்பகம், இங்கே சொல்வது போல் க்ரெஷ், கட்டடத்துக்குச் சட்டை தைத்த மாதிரிப் பொருந்துகிறது. ஆறு பிள்ளைகளுக்கு மேல் பார்த்துக்கொண்டால் பதிவு கட்டாயம். 2022 ஏப்ரலிலிருந்து இந்தப் பொறுப்பு சமூக மேம்பாட்டுத் துறையிடமிருந்து அடிப்படைக் கல்வித் துறைக்கு மாறியிருக்கிறது. உள்ளே ஒரு பிள்ளைக்கு ஒன்றரைச் சதுர மீட்டர் என்பது விதி. நம் வகுப்பறை ஒவ்வொன்றும் சுமார் 44 சதுர மீட்டர், அறைக்கு 29 பிள்ளைகள் வரும். இரண்டு அறை எடுத்தால் 58. இருபது பிள்ளைக்கு ஒரு கழிப்பறை என்றால் மூன்று சிறிய கழிப்பறைகள், ஏற்கெனவே இருக்கிற கழிப்பறைக் கட்டடத்திலேயே முடிந்துவிடும். பல ஆண்டுகளாகப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 17 ரேண்டாகவே நின்ற அரசு மானியம் 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 24 ரேண்டாக உயர்ந்தது. அதில் பெரிய லாபம் ஒன்றும் கிடையாது, சாப்பாட்டுக்கும் ஆசிரியைக்கும் கை கொடுக்கும். 2024இல் கிரேடு ஆர், அதாவது முதல் வகுப்புக்கு முந்தின ஆண்டு, கட்டாயமாக்கப்பட்டதால் ஐந்து வயதுப் பிள்ளைகள் பள்ளிகளுக்கு நகரலாம். ஆகவே மூன்று, நான்கு வயதை நம்பிக் கணக்குப் போடுங்கள்.

முதியோர் இல்லம் வேறு கதை. படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள இரவு பகல் செவிலியர், அகலக் கதவுகள், சாய்தளம், 2006ஆம் ஆண்டு முதியோர் சட்டத்தின்படி பதிவு எல்லாம் வேண்டும். நம் சபைக்கு அந்தச் சுமை வேண்டாம், அந்த வேலையைச் செய்கிற பெரிய பழைய அமைப்புகள் டர்பனில் உண்டு. ஆனால் பகல் கிளப் முடியும். இப்போது நம் பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி வீட்டில் தனித்தனித் தொலைக்காட்சி முன்னால் இருக்கிறார்கள், பிள்ளைகள் ஜோகன்னஸ்பர்கிலும் மெல்போர்னிலும் இருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் காலை பத்திலிருந்து ஒன்று வரை, ஒரு வேளை சாப்பாடு, ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ், ரம்மி ஆட ஒரு மேசை. ஒரு சாய்தளமும் இரண்டு கைப்பிடிக் கழிப்பறைகளும் போட்டால் போதும்.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் கட்டடத்தைக் காப்பாற்றாது. க்ரெஷ் இரண்டு மணிக்குக் காலி. கிளப் ஒரு மணிக்குக் காலி. தமிழ் வகுப்பு சனிக்கிழமை மட்டும். அருங்காட்சியகத்துக்கு எப்போதாவது ஒரு பேருந்து வரும். கூட்டத்தில் நாம் செய்த தவறு, இதா அதா என்று கேட்டதுதான். ஆயா சொன்னதைக் கேட்டிருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டோம். இந்தக் கட்டடம் பிளாட்டூனுக்குப் பழகியது.

இது புதிதும் இல்லை. 1936இலிருந்து நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரியின் பகுதி நேர வகுப்புகளைக் கல்வியாளர் மேபல் பால்மர் நடத்தியது சாஸ்திரி கல்லூரிக் கட்டடத்தில்தான். பள்ளி நேரத்தில் பையன்கள், பள்ளி விட்ட பிறகு வெள்ளையர் வளாகத்துக்குள் விடப்படாத பட்டப்படிப்பு மாணவர்கள். ஒரே கட்டடத்துக்கு இரண்டு ஆயுள். இதற்கு நேர் எதிரான உதாரணமும் டர்பனிலேயே உண்டு. 1961இல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரியைத் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவின் பழைய கடற்படைக் குடியிருப்பில் கொண்டுபோய் வைத்தார்கள். மாணவர்கள் படகேறிப் போய்ப் படித்தார்கள். கட்டடம் காலியாக இருந்ததே தவிர கல்லூரிக்குப் பொருந்தவில்லை, எழுபதுகளின் தொடக்கத்தில் வெஸ்ட்வில்லுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. காலியாக இருப்பது வேறு, பொருந்துவது வேறு.

என் கணக்கு இப்படிப் போகிறது. கிழக்கே முதல் இரண்டு அறைகள் காலை ஏழிலிருந்து இரண்டு வரை க்ரெஷ். மூன்றும் நான்கும் பெரியவர்களுக்கு. மூன்று மணிக்குப் பக்கத்துப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்ய அதே அறைகள், ஆறு மணி வரை. தமிழ் வகுப்பு சனிக்கிழமை என்பதோடு நிற்காமல் புதன், வெள்ளி மாலையிலும். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவிலேயே, மதிக்கவும் வளர்க்கவும் வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழ் பெயரோடு இருக்கிறது. அந்த மொழிக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம்தான் நம்மால் முடியும் என்றால் அது அரசின் குறை இல்லை. ஐந்தாம் அறை தேவாரம், நடனம், கூட்டம். மேற்கே தரை கெட்டிருக்கும் ஆறாம் அறையைக் கடைசியாகச் சரிசெய்து நினைவறை ஆக்கலாம்: பதிவேட்டு நகல்கள், பழைய பெஞ்சு நான்கு, உலக உருண்டை. தலைமையாசிரியர் அறையில் குடும்பத்தோடு ஒரு காவலாளி. ராத்திரி ஒரு விளக்கு எரிந்து, யாராவது சட்டியைத் தேய்க்கும் சத்தம் கேட்டாலே செம்புத் திருடன் வேறு வேலியைப் பார்ப்பான்.

பயன்பாட்டு வகையைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் பாடம் சொல்லும் இடமாகவே நிற்பதால் வரைபட அனுமதி எளிது. அமாஃபாவிடமும் சுவரைத் தொடாத விண்ணப்பம்தான் போகும். ஹாலுக்குச் சொன்ன தொகையில் சிறு பங்கில் முதல் மூன்று அறைகளைத் திறந்துவிடலாம், மற்றவை பின்னால்.

இதில் இடைஞ்சல் இல்லாமல் இல்லை. நான்கு குழு ஒரு சமையலறையைப் பகிர்ந்தால் சண்டை நிச்சயம். பெரியவர்கள் கிளப்பில் ரம்மி சூடுபிடிக்கும் நேரத்தில் பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்குவார்கள். க்ரெஷ் நடக்கும் நேரத்தில் வெளியாட்கள் வளாகத்துக்குள் சுற்றக்கூடாது என்பதால் வராந்தாவின் நடுவில் ஒரு கதவு போட வேண்டும், அது எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் போட வேண்டும். வருமானம் ஒரே இடத்திலிருந்து பெரிதாக வராமல் பத்து இடத்திலிருந்து சில்லறையாக வரும். கணக்கு எழுத ஒருவர் மாதம் நான்கு நாள் உட்கார வேண்டியிருக்கும். கல்யாண ஹால்காரர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்வார்கள், பிடித்துக்கொள்ளட்டும். ஹால் கட்டியே தீர வேண்டுமென்றால் மைதானத்தின் தெற்கு மூலையில் பின்னால் ஒரு நாள் தனியாகக் கட்டலாம். வளாகம் 5,000 சதுர மீட்டருக்கு மேல் இருப்பதால் அதற்கு மரபுரிமைத் தாக்க மதிப்பீடு கேட்பார்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வாக்கெடுப்பு எப்படிப் போனாலும் ஒரு வேலை காத்திருக்க முடியாது. நவம்பர் மழைக்கு முன் கூரையில் போன நான்கு தகரத்தை மாற்ற வேண்டும், அடிச்சுவரின் காற்று ஓட்டைகளைத் திறக்க வேண்டும், மின்கம்பி இல்லாத இடத்தில் சூரிய விளக்கு இரண்டு மாட்ட வேண்டும். வருகிற சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உளி, சுத்தியல், கையுறையோடு வாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் யாரும் போக வேண்டாம், அங்கே சிவப்புக் கயிறு கட்டியிருப்பேன். பக்கி, அதாவது பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி, வைத்திருப்பவர்கள் குப்பை அள்ள அதைக் கொண்டுவரவும். மதியம் ஒரு மணிக்கு இரண்டாவது கூட்டம் வரலாம், காலையில் கோயில் வேலை இருப்பவர்கள் அதில் சேர்ந்துகொள்ளுங்கள். நேரம் தெரியத் தண்டவாளத்தை நானே அடிக்கிறேன்.